தாத்தாவின் முகம் ஏன் அகன்றது?

சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாணவனின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவனுடைய அக்கா புதிய தொலைக்காட்சி வாங்கியிருந்தாள். அதில் 2004-ல் எடுத்த திருமண டிவிடி ஓடியது. மறைந்துபோன தாத்தாவைப் பார்க்க எல்லோரும் கூடியிருந்தனர். முகமோ அகன்று, மங்கித் தெரிந்தது. அவர் கையசைத்தபோது விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள்!

"சார், டிவிடி கெட்டுப்போச்சா? அப்பா தூக்கிப் போடச் சொல்றாரு" என்றான் மாணவன்.

கெடவில்லை, மாணவர்களே! காரணங்களைப் பார்ப்போம்.

1975-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய காலத்திலிருந்தே நம் நாட்டில் 625 வரி முறைதான். அவற்றுள் காட்சியைத் தாங்குபவை 576. படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை முதலில் ஒற்றைப்படை வரிகளையும், அடுத்து இரட்டைப்படை வரிகளையும் வரையும். ஒவ்வொரு அரைப்படத்துக்கும் 1/50 வினாடி. அதற்குள் கை நகர்ந்துவிடும் அல்லவா? இன்றைய தட்டைத்திரை இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டுகிறது. சேர்ப்பு சரியாக அமையாவிட்டால் சீப்புப் பற்கள் தோன்றும்.

அடுத்து ஒரு கணக்கு. டிவிடி படத்தில் 720 × 576 = 4,14,720 புள்ளிகள். முழு எச்.டி. திரையில் 1920 × 1080 = 20,73,600. சரியாக 5 மடங்கு! திரை முழுவதும் நிரப்ப வேண்டுமானால், அக்கம்பக்கப் புள்ளிகளைக் கொண்டு மீதியை ஊகித்தே நிரப்ப வேண்டும். காலை 6 மணி, 8 மணி வெப்பநிலைகளை வைத்து 7 மணிக்கு உரியதை ஊகிப்பது போலத்தான் இதுவும். அதனால் விளிம்புகள் மழுங்குகின்றன. சிறிய படக்குழாய்த் திரையில் இந்தக் குறை கண்ணுக்குப் படவில்லை.

முகம் அகன்றது ஏன்? பழைய படத்தின் அகல உயர விகிதம் 4:3. புதிய திரையினுடையது 16:9. இழுத்து நிரப்பினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

ரிமோட்டில் 4:3 என்று மாற்றினோம். இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் வந்தன. தாத்தா பழைய தாத்தாவானார்! 'ஷார்ப்னஸ்' அளவையும் குறைத்தோம். அது விளிம்பை அழுத்திக் காட்டுமேயன்றி, இல்லாத விவரத்தைத் தராது.

இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் புருவத்தைக்கூடத் தெளிவாக வரைந்துவிடும். ஆனால், அது பிற முகங்களைப் பார்த்துக் கற்ற ஊகம். தாத்தாவின் புருவம் அன்று. ஆகவே மூலத்தை அப்படியே கணினியில் நகலெடுத்து வையுங்கள். வட்டுக்கும் முதுமை உண்டு.

4கே திரையில் 3840 × 2160 புள்ளிகள். டிவிடியைப்போல் அது எத்தனை மடங்கு? கணக்கிட்டுப் பாருங்கள்!