நிறங்களைச் சிதறவிடாத கல்

கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே பீரங்கி போன்ற நீண்ட வெள்ளை லென்ஸ்களோடு உட்கார்ந்திருக்கும் புகைப்படக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். கேமரா கறுப்பாக இருக்க, லென்ஸுக்கு மட்டும் ஏன் வெள்ளை? வெயிலின் சூடு உள்ளே ஏறக் கூடாது என்பதற்காகத்தான். அவற்றுள் பலவற்றில் ஒன்றிரண்டு வில்லைகள் கண்ணாடியே அல்ல. கால்சியம் ஃபுளோரைடு என்ற படிகத்தைக் கடைந்து செய்தவை. சாதாரணக் கண்ணாடியைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டில் விரியும் பொருள் அது. இவ்வளவு தொல்லை கொடுக்கும் ஒன்றை ஏன் விடாமல் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது.

எந்தக் கண்ணாடியும் எல்லா நிறங்களையும் ஒரே அளவு வளைப்பதில்லை. நீலம் கூடுதலாக வளையும், சிவப்பு குறைவாக வளையும். அதனால் நீலம் ஓரிடத்திலும் சிவப்பு சற்றுத் தள்ளியும் குவியும். வெளிர்வானத்துக்கு எதிரே இலையற்ற கிளையைப் படமெடுத்தால் ஓரத்தில் ஊதாக் கரை படிகிறதே, அது இந்த நிறப்பிறழ்ச்சியின் வேலை. இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து வைத்தால் இரண்டு நிறங்களை ஒரே புள்ளியில் கொண்டுவந்துவிடலாம். மூன்றாவது நிறம் அப்போதும் விலகியே நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் நுண்ணோக்கிகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தன. சாயமேற்றிய கிருமியை அதன் நிறத்தை வைத்து அடையாளம் காண வேண்டிய மருத்துவருக்கு, கருவியே நிறம் பூசிக் காட்டினால் எதை நம்புவது?

ஜெர்மனியின் ஜேனா நகரில் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே இதற்கு வழி கண்டார். நிறங்களைப் பிரிக்கும் தன்மை ஒரு பொருளில் எவ்வளவு குறைவு என்பதை இன்றும் அவர் பெயரால் வழங்கும் அபே எண்ணில்தான் சொல்கிறோம். எண் கூடக் கூடச் சிதறல் குறையும். வழக்கமான ஒளியியல் கண்ணாடிக்கு அது சுமார் 64. கால்சியம் ஃபுளோரைடுக்கு 95. அதைவிட முக்கியமானது, நீலத்தையும் பச்சையையும் சிவப்பையும் அது பிரிக்கும் விகிதம் கண்ணாடிகளின் விகிதத்தோடு ஒத்துப்போவதில்லை. அந்த வேறுபாடுதான் மூன்றாவது நிறத்தையும் பிடித்து இழுத்துக் குவியத்துக்குள் கொண்டுவருகிறது. 1886இல் ஸைஸ் வெளியிட்ட 'அபோக்ரோமேட்' நுண்ணோக்கி லென்ஸ்கள் இப்படிப் பிறந்தவை. வில்லைகளுக்கான கல்லைத் தேடி ஸ்விட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைக்கு அபே நேரிலேயே போனார்.

கல் கிடைப்பதுதான் பெரும்பாடு. ஃபுளோரைட் என்ற பெயரில் இந்தக் கனிமம் உலகில் பல இடங்களில் உண்டு. நம் நாட்டில் குஜராத்தின் அம்பாடோங்கரில் பெரிய படிவு இருக்கிறது. ஆனால் வெட்டியெடுப்பதில் பெரும்பகுதி உலோக ஆலைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தயாரிக்கவுமே போகிறது. ஊதா, பச்சை, மஞ்சள் என்று அதில் தெரியும் அழகிய நிறங்களெல்லாம் மாசுகளும் படிகக் குறைகளும் தருபவை. லென்ஸுக்கு வேண்டியதோ நிறமற்ற, விரிசலற்ற கல். நுண்ணோக்கிக்குச் சில மில்லிமீட்டர் அகலத் துண்டு போதும். கேமராவுக்குப் போதாது.

ஆகவே படிகத்தை வளர்க்கக் கற்றார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டொனால்ட் ஸ்டாக்பார்கர் இதைச் சாதித்து 1949இல் விவரமாக எழுதினார். தூய்மையாக்கிய தூளை வெற்றிட உலையில் 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, மூசையைச் சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு மிக மெதுவாக இறக்க வேண்டும். அடி நுனியில் தொடங்கும் படிகம் அணு அடுக்கு குலையாமல் மேல்நோக்கி வளரும். ஆக்சிஜன் கொஞ்சம் கலந்தாலும் கல் மங்கிவிடும். அதை விரட்டக் கொஞ்சம் ஈய ஃபுளோரைடு சேர்த்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மண்ணுக்கடியில் இயற்கை அரிதாகவே குறையில்லாமல் செய்ததை, ஒரு மனிதர் தன் உலையில் திரும்பத் திரும்பச் செய்ய வழி கண்டார். ஜப்பானின் கேனன் நிறுவனம் 1966இல் இந்த வேலையைக் கையிலெடுத்து, 1969இல் செயற்கை ஃபுளோரைட் வில்லையுடன் 300 மி.மீ. லென்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மென்மையான கல் என்பதால் எளிதில் கீறல் விழும். தட்டினால் தளம் தளமாகப் பிளக்கும். சட்டென்று சூடு மாறினால் வெடிக்கும். தீட்டுவதற்கு அத்தனை பொறுமை வேண்டும்.

நிறத்தோடு இதன் பயன் முடியவில்லை. புற ஊதாவில் 130 நானோமீட்டர் அளவிலிருந்து அகச்சிவப்பில் 9 மைக்ரோமீட்டர் வரை ஒளியைத் தடுக்காமல் விடும். நிறமாலைமானிகளின் ஜன்னல்கள் இதனால்தான் இந்தப் படிகத்தில் செய்யப்படுகின்றன.

அந்தப் புற ஊதாத் தெளிவே சிப் தொழிலை இதன் பக்கம் இழுத்தது. சிலிக்கானில் வரையும் கோடு மெல்லியதாக வேண்டுமானால் ஒளியின் அலைநீளம் குறைய வேண்டும். 193 நானோமீட்டருக்கு அடுத்து 157 என்று திட்டமிட்டார்கள். அந்த ஒளியில் வழக்கமான உருகு சிலிக்கா வில்லைகள் உதவாது. நம்பிக்கை முழுவதும் கால்சியம் ஃபுளோரைடின் மேல். கனசதுர அமைப்புள்ள படிகம் எத்திசையிலும் ஒளியை ஒரேபோல நடத்தும் என்பது பாடப்புத்தக விதி. 2001இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனத்தில் ஜான் பர்னெட்டும் சக ஆய்வாளர்களும் அளந்து பார்த்தபோது விதி பொய்த்தது. குறுகிய அலைநீளத்தில் திசைக்குத் திசை சிறிய இரட்டை ஒளிவிலகல் இருந்தது, அதாவது ஒரே ஒளி இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் சென்றது. இரண்டுக்கும் இடையிலான பின்னடைவு, படிகத்தின் சென்டிமீட்டருக்குச் சுமார் 11 நானோமீட்டர். தொழில் பொறுக்கக்கூடிய அளவைப்போல் பத்து மடங்கு. இயற்பியலாளர் லோரென்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே கோட்பாட்டில் காட்டியதும், 1971இல் ஆய்வாளர்கள் பாஸ்டர்னாக்கும் கே. வேதமும் சிலிக்கானில் அளந்ததும் இதே விளைவைத்தான். லென்ஸ் வடிவமைப்பாளர்களின் கண்ணில் அது படாமல் போனது.

வெவ்வேறு திசையில் வெட்டிய படிகங்களை அடுக்கித் திருப்பி வைத்துப் பிழையை ஈடுகட்ட முடிந்தது. ஆனால் செலவும் சிக்கலும் ஏறின. போதிய பெரிய படிகங்களும் கிடைக்கவில்லை. 2003இல் இன்டெல் 157 திட்டத்தைக் கைவிட்டது. பழைய 193 நானோமீட்டர் ஒளியையே, வில்லைக்கும் சிலிக்கானுக்கும் இடையே தண்ணீரை நிரப்பிப் பயன்படுத்தும் முறை அந்த இடத்தைப் பிடித்தது.

என் பார்வையில் இதைப் படிகத்தின் தோல்வி என்று சொல்ல முடியாது. பிழை இத்தனை நுணுக்கமாக வெளிப்பட்டதே, கல் அவ்வளவு தூய்மையாக வளர்க்கப்பட்டதால்தான். இன்று மிக நுண்ணிய சிப்களை வரையும் 13.5 நானோமீட்டர் இயந்திரங்களில் வில்லையே கிடையாது, எல்லாம் ஆடிகள்தான்; அந்த ஒளியை எந்தப் படிகமும் விழுங்கிவிடும். ஆனால் 193 நானோமீட்டர் லேசர்களின் ஜன்னல்கள் இன்றும் கால்சியம் ஃபுளோரைடால்தான் செய்யப்படுகின்றன.