பழி ஓரிடம், பிழை வேறிடம்: காரின் மின்னேற்றக் கோளாறுகள்

காலையில் சாவியைத் திருப்பினால் காரின் எஞ்சின் இயங்க மறுக்கிறது. பழி உடனே பாட்டரியின் மேல் விழுகிறது. புதிய பாட்டரி வாங்கிப் பொருத்தப்படுகிறது. சில நாள்களில் மீண்டும் அதே நிலை. பணமும் போயிற்று, குறையும் நீங்கவில்லை. நோயின் குறி தோன்றிய இடத்தையே நோயின் முதல் எனக் கொண்டதனால் வரும் இழப்பு இது.

பாட்டரி ஒரு களஞ்சியம் போன்றது. களஞ்சியம் வெறுமையானால் ஆராய வேண்டியவை மூன்று. நெல் விளையவில்லையா? விளைந்த நெல் வரும் வழியில் சிந்திற்றா? வந்து சேர்ந்த பின் களஞ்சியத்திலிருந்து ஒழுகிற்றா? காரின் மின்னேற்றக் கோளாறுகள் யாவும் பெரும்பாலும் இம்மூன்றனுள் அடங்கும்.

விளைவிக்கும் கருவி

எஞ்சினைத் தொடக்கி வைப்பதற்கே பாட்டரியின் ஆற்றல் பெரிதும் செலவாகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியபின், விளக்குகளுக்கும் குளிரூட்டியின் விசிறிக்கும் பிறவற்றுக்கும் வேண்டிய மின்சாரத்தைத் தந்து, பாட்டரியையும் மீண்டும் நிரப்புவது ஆல்ட்டர்னேட்டர் என்னும் மாறுமின்னாக்கி. எஞ்சினோடு இணைந்த வார்ப்பட்டை (பெல்ட்) அதனைச் சுழற்றுகிறது.

காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று சார்ந்து அசையும்போது மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மாறுமின்னாக்கியினுள் சுழல்வது மின்காந்தம். அசையாது நிற்பவை கம்பிச்சுருள்கள். இரண்டு கரித்துண்டுகள் சுழலும் வளையங்களை உரசியவாறு மின்காந்தத்திற்குச் சிறிதளவு மின்சாரம் ஊட்டுகின்றன. சுருள்களில் பிறப்பது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அதனை ஒரே திசையில் செலுத்துபவை டையோடுகள். மின்னழுத்தம் எல்லை மீறாது காப்பது சீராக்கி.

முற்காலக் கார்களில் இவ்வேலையை டைனமோ செய்துவந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் ஆற்றல் போதாது. சிலிக்கன் டையோடுகள் வந்தபின் நிலை மாறிற்று. கிரைஸ்லர் நிறுவனம் தன் 1960ஆம் ஆண்டு வேலியண்ட் காரில் மாறுமின்னாக்கியைப் பொருத்தியது. பின்னர் அதுவே எங்கும் வழக்காயிற்று.

சிவப்பு விளக்கு சொல்வது

ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் பாட்டரியின் வடிவில் சிவப்பு விளக்கொன்று உண்டு. அந்த வடிவமே பலரைத் தவறான எண்ணத்தில் ஆழ்த்துகிறது. அது பெரும்பாலும் பாட்டரி கெட்டதென்று கூறுவதன்று. மின்னேற்றம் நடைபெறவில்லை என்று கூறுவது. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். முதலில் எரியாவிடினும் குறைதான். பின்னர் அணையாவிடினும் குறைதான். ஓடும்போது மங்கலாக எரிந்தால் டையோடு, கரித்துண்டு, இணைப்பு ஆகியவற்றுள் ஒன்றை ஐயுறலாம்.

பயணத்தின் நடுவே இவ்விளக்கு எரிந்தால் அசட்டை செய்தல் ஆகாது. இரவில் முகப்பு விளக்குகளும் குளிரூட்டியும் இயங்கும்போது பாட்டரி நெடுநேரம் தாங்காது. மேலும், சில கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பையும் அதே வார்ப்பட்டைதான் சுழற்றுகிறது. பட்டை அறுந்த நிலையில் ஓட்டிச் சென்றால் எஞ்சினே வெந்து கெடும்.

அளந்து அறிதல்

மல்ட்டிமீட்டர் என்னும் சிறு கருவி கையிலிருந்தால் ஊகத்திற்கு இடமில்லை. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் அது நிறைவானது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் வெறுமை.

அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு அதே இரு முனைகளில் அளக்க வேண்டும். பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காணலாம். விளக்குகளையும் குளிரூட்டியையும் இயக்கி, எஞ்சினைச் சற்று விரைவாக ஓட்டினாலும் அளவு 13க்கு மேல் நிற்க வேண்டும். அளவு ஏறாமல் 12.6க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் வரவில்லை, செலவே என்பது வெளிப்படை. 15ஐத் தாண்டினால் சீராக்கியில் குறை. பாட்டரி கொதித்து நீர் வற்றும். புதிய கார்கள் பலவற்றில் எரிபொருள் சிக்கனத்திற்காகக் கணினியே இவ்வழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஆதலின், ஒரு நொடியின் அளவைக் கொண்டு முடிவு கட்டாமல், அக்காரின் கையேட்டையும் நோக்க வேண்டும்.

மூன்று இடங்கள்

விளைவிடத்துக் குறையாயின், முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு வார்ப்பட்டையைப் பார்த்தல் வேண்டும். தளர்ந்த பட்டை கிறீச்சிடும். பட்டை நன்றாயிருந்தால் கரித்துண்டு தேய்ந்திருக்கலாம். சீராக்கியோ டையோடோ பழுதாகியிருக்கலாம். ஒரு டையோடு கெட்டாலும் மின்னேற்றம் முற்றும் நிற்பதில்லை. குறைந்த அளவில் நடந்துகொண்டே இருக்கும். ஆதலின் இக்குறை நெடுநாள் மறைந்திருக்கும்.

வழியிடத்துக் குறை கண்ணுக்கு எளிதில் தோன்றாது. மாறுமின்னாக்கியின் வெளியீட்டு முனையில் 14.4 வோல்ட் இருக்க, பாட்டரியின் நேர்முனையில் 13.4 மட்டுமே இருந்தால், இடையே 1 வோல்ட் தொலைகிறது. சுமை இயங்கும்போதும் இவ்விழப்பு 0.3 வோல்ட் அளவைத் தாண்டலாகாது. பச்சையும் வெண்மையுமாகப் பூத்த முனைகளைத் துடைத்து இறுக்குவதே சிலபோது முழு மருந்தாகிவிடும்.

மூன்றாவது ஒழுக்கு. நின்றிருக்கும் காரில் 50 மில்லி ஆம்பியர் ஓடினாலும், நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி செலவாகும். 45 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பாட்டரி பத்தொன்பது நாள்களில் பாதியாகிவிடும். மூடிய பெட்டியினுள் அணையாத சிறு விளக்கோ, கெட்ட டையோடோ இதனினும் விரைவில் அதனை வற்றச் செய்யும்.

இம்மூன்றும் செம்மையாக இருந்தால்தான் குற்றம் பாட்டரியைச் சாரும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளில் பாட்டரியின் ஆயுள் குறைவு என்பதும் உண்மையே.

விலக்கத்தக்க வழக்கம்

எஞ்சின் ஓடும்போதே பாட்டரியின் கம்பியைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கம் டைனமோ காலத்தது. இன்றைய காரில் இது தீங்கானது. கழற்றிய கணத்தில் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து, டையோடுகளையும் கணினியையும் கெடுக்கக்கூடும். குறையைக் காணச் செய்த சோதனையே புதிய குறையை உண்டாக்கிவிடும்.

கண்ணால் பார்த்தல், துடைத்து இறுக்குதல், அளத்தல், அதன்பின் மாற்றுதல் என்பதே முறை. பட்டறைக்குச் செல்லும்போது, “பாட்டரியை மாற்றுங்கள்” என்பதற்கு மாறாக, “ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டுகிறது?” என்று கேட்கத் தெரிந்தவர், தேவையற்ற ஒரு பாட்டரியின் விலையை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.