கோமாளிகள்: காது சிரித்த நாடகம் கண்ணுக்கு வந்தபோது

இலங்கை வானொலியில் வாராவாரம் ஒலித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற நகைச்சுவைத் தொடர் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமானது. இரண்டையும் எழுதியவர் எஸ். ராமதாஸ், படத்தை இயக்கியவர் எஸ். ராமநாதன்.

மேல்நாடுகளில் இந்தப் பயணம் மறுதிசையிலும் நடக்கும். படம் முதலில் வரும். அது ஓடினால் தொலைக்காட்சித் தொடர் பின்னால் வரும். ‘மாஷ்’ 1970இல் படமாக வந்து, 1972 முதல் பதினொரு ஆண்டுகள் தொடராக ஓடியது. அப்படி ஓடியவை சிலவே. 1986இன் வெற்றிப்படம் ஒன்றிலிருந்து 1990இல் எடுத்த ‘ஃபெரிஸ் பியூலர்’ தொடர் பதின்மூன்று வாரக் கதைகளோடு சரி. இலங்கையில் 1976இல் தொலைக்காட்சியே இல்லை. ரூபவாஹினித் தொலைக்காட்சி வந்தது 1982இல். குடும்பமாகக் கூடியிருந்து சிரிக்க றேடியோதான் இருந்தது. ஆகவே இங்கே நாடகம் முந்தியது, படம் பிந்தியது.

அந்த நாடகத்தின் உயிர் கதையில் இல்லை, பேச்சில் இருந்தது. அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். மரிக்காருடையது முஸ்லிம் வழக்கு. உபாலி சிங்கள நா வளைக்கும் தமிழில் திணறுவார். ஐயர் பிராமணத் தமிழ் பேசுவார். நாலு தமிழும் ஓரிடத்தில் மோதும்போது, ஒருவர் சொன்னதை மற்றவர் வேறுவிதமாய் விளங்கிக்கொள்வதே பகிடி. நடித்தவர்களைப் பார்த்தால் இன்னும் சுவை: மரிக்காராக ராமதாஸ், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி. எச். அப்துல் ஹமீத், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால். முஸ்லிமை இந்துவும், ஐயரை முஸ்லிமும், சிங்களவரைத் தமிழரும் நடித்தது வானொலியில் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. குரல் சரியாக இருந்தால் போதும்.

திரையில் அது போதாது. றேடியோ கேட்ட ஒவ்வொருவரும் மனதில் தமக்கென ஒரு மரிக்காரை வைத்திருந்தனர். படம் எல்லோருக்கும் ஒரே மரிக்காரைக் கொடுத்தது. வாரம் ஒரு சிறு துண்டாய்க் கேட்டதை முழுநீளப் படமாக இழுக்கக் கதையும் பாட்டும் வேண்டியிருந்தன. ஆனாலும் ரசிகர்கள் தியேட்டருக்கு வந்தார்கள். பழகிய குரல்களுக்கு முகம் பார்க்கும் ஆவல் ஒரு காரணம். 1972இல் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் தென்னிந்தியப் படங்களின் இறக்குமதி கட்டுப்பட்டிருந்தது இன்னொன்று.

யாழ்ப்பாணத்தாருக்கு இதில் ஒரு சிறு நெருடலும் உண்டு. ‘பேந்து’, ‘கெதியா’ என்று வீட்டில் பேசும் மொழி, வானொலியில் சிரிப்புக்கான மொழியாகவே அதிகம் ஒலித்தது. திரையிலோ 1972இன் ‘குத்துவிளக்கு’ம், செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ம் அதே மண்ணின் பாடுகளை அழுத்தமாகச் சொன்ன படங்கள். ஆயினும் அப்புக்குட்டியை வெறும் கேலிச்சித்திரம் என்று தள்ளுவது நியாயமல்ல. அந்தக் கூட்டத்தில் நாலு பேருமே ஒருவரையொருவர் நையாண்டி செய்தார்கள், எவரும் தப்பவில்லை.

1978இல் ராமதாஸ் எழுத்தில் ‘ஏமாளிகள்’ வந்தது. கோமாளிகளின் திரைவாழ்வு அவ்வளவில் அடங்கியது. பெயர்கள் அடங்கவில்லை: மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்றே அந்த மூவரையும் இலங்கை ரசிகர்கள் பின்னரும் அழைத்து வந்தார்கள்.