ஆடையோடு பதவியும் களையும் இடம்

ஹெல்சிங்கி மாநகருக்கு இரண்டொரு நாள் உல்லாசப் பயணஞ் செல்வோர் நூதனசாலையையும் கடைவீதியையும் மட்டும் கண்டு மீளுதல் போதாது என்போம். பின்லாந்து மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோர் ‘சவுனா’ எனும் வெப்பக் குளியலறையில் ஒருமுறையேனும் அமர்தல் வேண்டும்.

மரப்பலகையால் அமைந்த அறை, மூலையில் அடுப்பு, அதன்மேற் கனலும் கற்கள். வெப்பமோ பெரும்பாலும் 80 பாகை செல்சியஸுக்கு மேல். கற்கள்மீது ஓர் அகப்பை நீரை வார்த்ததும் ஆவி சீறியெழும். வியர்வை பெருகியபின் வெளியே சென்று குளிர்ந்த கடலில் மூழ்கி எழுவர்.

முற்காலத்தில் மகப்பேறு நிகழ்ந்ததும், இறந்தோரை நீராட்டியதும் சவுனாவிலேயே. ஆதலின், தேவாலயத்தில் ஒழுகுவதுபோல் அங்கும் அமைதியாக ஒழுகுதல் மரபாயிற்று.

வீடுகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் சவுனா பெருகவே, நகரின் பொதுச் சவுனாக்கள் பல மூடப்பட்டன. வசதி வளர்ந்தது, அயலாரோடு அருகமர்ந்து உரையாடும் வாய்ப்போ குறைந்தது. 1928இல் தோன்றிய கோட்டிஹர்யு சவுனா அக்காலத்தையும் கடந்து நிலைத்தது. 2016இல் கடற்கரையில் புதிய பொதுச் சவுனாக்கள் எழுந்தன. 2020இல் பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை யுனெஸ்கோ மானிட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே பலகையில் வியர்த்திருக்கும் அச்சமத்துவத்தை இழக்க மக்கள் விரும்பவில்லை போலும்!

செல்வோர்க்குச் சில சொற்கள்: முதலில் உடலைக் கழுவுக, நீர் பருகுக, மதுவை விலக்குக, தலைசுற்றின் உடனே வெளியேறுக. இருதய நோயுடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே உட்புகுதல் நன்று.