குளோன் சவுக்கு: வேகம் சரி, பாதுகாப்பு?

கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் கடலோர மணலில் சவுக்கு பல தலைமுறை கண்ட வெள்ளாமை. அடுப்புக்கு விறகு, சாரத்துக்குக் கம்பு என்று விலைபோன மரம், இன்று காகிதக் கூழுக்கும் மின்நிலையக் கொதிகலனுக்கும் லாரி ஏறுகிறது. தேவை கூடியதும் நாற்றங்காலும் மாறிவிட்டது. விதை இருந்த இடத்தில் இப்போது குளோன்.

விதைக் கன்று நட்ட தோப்பில் ஒரு மரம் ஓங்கி நிற்கும். பக்கத்து மரம் சோனியாக நிற்கும். விதைக்கு விதை குணம் வேறு. குளோன் தோப்பு ஒரே சீராக எழும். பல இடங்களில் நட்டுச் சோதித்துத் தேர்ந்த மரத்திலிருந்து தாய்ச்செடிகளை வளர்த்து, அவற்றின் இளந்துளிர்களை நறுக்குகிறார்கள். அடிமுனையை ஐ.பி.ஏ. என்ற வேர் ஊக்கியில் தோய்த்து, மக்கிய தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழல்களில் நடுகிறார்கள். நீர்த்திவலை தூவும் மிஸ்ட் சேம்பரில் சில வாரங்களில் வேர் பிடிக்கிறது. பிறகு நிழல்வலை, அதன்பின் வெயில் என்று பழக்கிய கன்றுதான் வயலுக்குப் போகும். தைல மரத்தையும் (யூகலிப்டஸ்) இப்படியே பெருக்குகிறார்கள். ஆனால் அதன் முற்றிய கிளை எளிதில் வேர்விடாது. அதனால் மரத்தை வெட்டி, அடிக்கட்டையில் வெடிக்கும் துளிரை எடுக்கிறார்கள்.

பிரேசிலின் எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தில் அரக்ரூஸ் நிறுவனம் 1970களில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. தண்டுப்புண் நோய் தைலத் தோட்டங்களை அழித்தபோது, தாக்குப்பிடித்த மரங்களிலிருந்து குளோன் எடுத்தார்கள். அந்தப் பணிக்கு 1984இல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது. தமிழகத்தில் கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் குளோன்களை உருவாக்குகின்றன. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள அரசு காகித ஆலை அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குத் தருகிறது.

குளோனின் பலமே அதன் ஆபத்தும். மரங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றைச் சாய்க்கும் நோய் தோப்பையே சாய்க்கும். 2000களில் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு சிறு குளவி தைல மரங்களில் முட்டையிட்டு, இலைக்காம்பையும் நடுநரம்பையும் முடிச்சு முடிச்சாக வீங்கவைத்தது. சில குளோன்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன, சில தாங்கின. சவுக்கிலும் பட்டை கொப்புளித்து, உள்ளே கரும்பொடி படிந்து மரம் காயும் நோய் உண்டு.

ஆகவே, கன்று வாங்கும்போது குளோனின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். குழலுக்குள் வேர் சுருண்ட கன்றை ஒதுக்குங்கள். நிலம் முழுவதும் ஒரே குளோனை நடாமல், உங்கள் மண்ணில் தேறிய மூன்று நான்கு குளோன்களைப் பாத்தி பிரித்து நடுங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றவை முதலை மீட்டுத் தரும்.