வாட்டில் மரத்துக்கு வயது என்ன?

கொடைக்கானலுக்குப் போய்விட்டுப் பைன் காட்டில் படம் எடுக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. அந்தப் பைன் அந்த மலையின் மரமே இல்லை. பழனி மலையின் உச்சிப் பகுதியில் இயற்கையாக இருந்தது வேறு: மடிப்புகளில் ஓடையை ஒட்டிச் சோலைக்காடு, மேடெல்லாம் புல்வெளி. தோல் பதனிட, விறகுக்கு, கூழுக்கு என்று வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை அந்தப் புல்வெளியில்தான் நட்டார்கள். நட்டது போதாதென்று வாட்டில் தானாகவும் பரவியது.

எவ்வளவு பரவியது? லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972-ல் ஏவப்பட்டது. அப்போது தொடங்கிய படங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்தது. நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்றது அது.

இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும். செயற்கைக்கோள் பார்ப்பது இந்த வித்தியாசத்தை. மழை முடிந்த கையோடு எடுத்த படத்தில் புல்லும் மரமும் ஒன்றுபோலச் செழிப்பாகத் தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் எடுத்ததைப் பாருங்கள்: உறைபனியில் கருகிப் புல் பழுப்பேறியிருக்கும், வாட்டில் மட்டும் பசுமை மாறாமல் நிற்கும். மேகத் தொல்லை குறைந்த மாதங்களும் அவைதான். ஆனால் வாட்டிலையும் சோலை மரத்தையும் பிரித்தறிவது அத்தனை சுலபமில்லை. அதற்கு ஜிபிஎஸ் கருவியோடு மலையேறித்தான் ஆகவேண்டும்.

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனமும் செயற்கைக்கோள் படத்தை வைத்தே நாட்டின் வனப்பரப்பைக் கணக்கிடுகிறது. ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில் 10 சதவீதம் மரக்கவிகை இருந்தால் போதும். யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வி இல்லை. அதனால் வாட்டில் புல்வெளியை விழுங்கினால் ஏட்டில் வரவு, வரையாட்டுக்கு நஷ்டம். மேய்ச்சலுக்கு அதற்குப் புல்வெளிதான் வேண்டும்.

அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-ல் கொள்கை வெளியிட்டது. அதற்காகக் கண்ட இடத்தில் கோடரி வைத்துவிட முடியாது. வாட்டில் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் நாற்றங்கால்போல முளைத்துவிடும். இதற்கு நேர்மாறாக, சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் எழும்பி வருகின்றன. அங்கே மொட்டையடித்தால் அவையும் சேர்ந்தே போகும். ஆக, முதலில் தெரியவேண்டியது மரத்தின் வயது. எந்த ஆண்டுப் படத்தில் புல் மறைந்து மரம் தென்பட்டது என்று பின்னோக்கிப் பார்த்தால் அது கிடைத்துவிடும். என்னைக் கேட்டால், இந்தப் படங்களின் பெரிய பயன் இதுதான். புதிதாகப் பரவிய ஓரங்களில் முதலில் கைவைக்கலாம். பழைய தோப்பைப் பொறுத்திருந்து பார்க்கலாம்.

இன்றைய லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். நேற்று முளைத்த கன்று அதில் தெரியாது. அதைப் பிடுங்க வேட்டைத் தடுப்புக் காவலரும் உள்ளூர் மக்களும்தான் வேண்டும்.

அகற்றும் பணி தொடங்குமுன், எந்த இடம், ஏன் அந்த இடம் என்று காட்டும் வரைபடத்தை வனத்துறை பொதுவில் வைக்கவேண்டும். மூலப்படங்களில் ரகசியம் எதுவும் இல்லை. லேண்ட்சாட் தொகுப்பு முழுவதும் 2008 முதல் யாருக்கும் இலவசம்.