வேப்பஞ்சருகுக்குத் தீ வைக்காதீர்கள்

மாசி, பங்குனி வந்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வேம்பு இலையை உதிர்க்கும். வாசல் பெருக்கி நிமிர்வதற்குள் மறுபடி சருகு. பலரும் அதைத் தெருமுனையில் குவித்துத் தீ வைத்துவிடுகிறார்கள். நேயர்களே, புகை மட்டுமல்ல, இது சட்டப்படியும் தவறு. தோட்டக் கழிவைத் தெருவில் வீசவோ, திறந்தவெளியில் எரிக்கவோ கூடாது, தனியே சேர்த்து வைத்து உள்ளாட்சி சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன.

பாலித்தீன் பையில் கட்டாமல் பழைய சாக்கில் கொடுங்கள். பால் பாக்கெட்டும் ஷாம்பு உறையும் கலந்தால் உரம் கெட்டது. சீமைக் கருவேல முள்ளைத் தனியாகக் கட்டுங்கள். அள்ளுகிறவர் கையும் கைதானே!

இடமிருந்தால் வீட்டிலேயே மக்க வைக்கலாம். நம் ஊர் வெயிலில் தரைக்கு மேல் குவித்தால் காய்ந்து அப்படியே கிடக்கும்; மூன்றடிக் குழிதான் சரி. காய்ந்த சருகில் தழைச்சத்து குறைவு. அதனால் ஒரு சாண் சருகுக்கு ஒரு கூடை ஆட்டுப்புழுக்கையோ சாணியோ போட்டு, அரிசி கழுவிய தண்ணீரைத் தெளியுங்கள். பிடித்துப் பிழிந்தால் கையில் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. மாதம் ஒருமுறை கிளறி வந்தால், பங்குனியில் போட்டது புரட்டாசி விதைப்புக்கு முன் கரிசலுக்குத் தயாராகிவிடும். மண்வாசனை வருகிறதா, சூடு அடங்கிவிட்டதா என்று பார்த்து அள்ளுங்கள். சூடு தணியாத உரம் செடியின் வேரைக் கருக்கிவிடும்.